பதிவு வெளியாகும்வரை யாருக்கும் தெரியாதா?

2014 ஏப்ரல் கடைசி வாரம். லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியின் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங் தன் தோழியிடம் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. கறுப்பினத்தவரோடு படம் எடுத்துப் போடாதே, என் ஆட்டங்களுக்கு அவர்களைக் கூட்டி வராதே என்பதுதான் பேச்சின் சாரம். அவர் அணியில் ஆடியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். சில நாட்களிலேயே என்பிஏ ஆணையர் ஆடம் சில்வர், ஸ்டெர்லிங்குக்கு வாழ்நாள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்.

அந்தச் செய்தி வந்தபோது கைதட்டியவர்களில் நானும் உண்டு. இப்போது யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் ஸ்டெர்லிங் ஏராளமான வாடகைக் குடியிருப்புகளுக்கும் சொந்தக்காரர். கறுப்பினத்தவருக்கும் லத்தீன் மக்களுக்கும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் வீடு தர மறுத்தார் என்று அமெரிக்க நீதித்துறையே அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2009இல் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டார். லீக் அசையவில்லை. "உங்க ஊர் எது, எந்தத் தெரு?" என்ற கேள்வியோடு வாடகை வீட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், எது பெரிய குற்றம் என்று. வீட்டை மறுத்தபோது வராத கோபம், பேச்சு கசிந்தபோது வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும் தோழர்களே: கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை அந்த மே மாதம் இதே மனிதருக்கு விருது தரவிருந்தது. பதிவு வந்த பிறகுதான் கைவிட்டது. நன்கொடை நம் வாயையும் கட்டும்.

லீக்கை அசைத்தது எது? வீரர்கள் பயிற்சிச் சட்டையை, அணியின் பெயர் தெரியாதபடி உள்புறம் வெளியே திருப்பி அணிந்து வந்தார்கள். விளம்பரதாரர்கள் விலகினார்கள். தண்டனையின் முடிவு என்ன தெரியுமா? 1981இல் 1.25 கோடி டாலருக்கு வாங்கிய அணி 200 கோடிக்கு விலைபோனது.

தனிப்பட்ட பேச்சுக்குத் தண்டனையா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலாளியின் காதலும் விவாகரத்தும் லீக்கின் வேலையில்லை. ஆனால் தன் கூலிக்கு ஆடுபவர்கள், தன்னிடம் வேலை செய்பவர்கள், தன் வீட்டில் குடியிருப்பவர்கள் ஆகியோர்மீது அவர் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் ஆகாது. நான் கோடு போடுவது அங்கேதான்.

ஃபீனிக்ஸ் சன்ஸ் முதலாளி ராபர்ட் சார்வர் விஷயத்தில் லீக் விசாரணையாவது நடத்தியது. 320 பேரிடம் கேட்டார்கள். இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தியதும் பெண் ஊழியர்களை அவமதித்ததும் உறுதியாயின. 2022இல் தீர்ப்பு: ஓராண்டு இடைநீக்கம், ஒரு கோடி டாலர் அபராதம். போதாது என்று லெப்ரான் ஜேம்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் சார்வர் தானாக விற்றார், அதுவும் பெரும் லாபத்துக்கு.

ஆணையருக்குச் சம்பளம் தருவதே முதலாளிகள்தான். ஒரு முதலாளியை வெளியேற்ற மற்ற முதலாளிகளில் நான்கில் மூன்று பங்கினர் வாக்களிக்க வேண்டும். வீரர்களுக்கு வாக்கு இல்லை, டிக்கெட் கிழிப்பவருக்கும் அலுவலக ஊழியருக்கும் இல்லை. வீரர் சங்கத்துக்கும் ஊழியர்களுக்கும் இடமுள்ள, புகார் வந்த அன்றே விசாரிக்கும் குழு வேண்டும். விற்பனை லாபத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும். 200 கோடியில் அந்த வாடகைதாரர்களுக்கு என்ன கிடைத்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.