மிலேட்டஸை மறந்த மேடைகள்

சென்ற வாரம் ஒரு சபையில் பிரசங்கம் புரிந்த பெரியவர், தத்துவம் என்பது ஏதென்ஸ் மண்ணிலே, வேறெவருடைய உதவியுமின்றி, சாக்ரடீஸின் திருவாயிலிருந்து உதித்தது என்று முழங்கியபோது எழுந்த கரகோஷம் இன்னும் என் காதை விட்டு அகலவில்லை. கற்றவர்களே நிறைந்திருந்த அவ்விடத்தில் ஒருவராவது மிலேட்டஸ் என்ற பெயரை உச்சரிக்கவில்லையே என்ற ஆற்றாமையால்தான் இதை எழுதுகிறேன்.

மிலேட்டஸ் இருந்தது ஏதென்ஸுக்குக் கடலுக்கு அப்பால், சின்ன ஆசியாவின் கரையில், இன்றைய துருக்கியில். எகிப்தோடும் கருங்கடல் துறைகளோடும் வாணிபம் நடத்திய அந்தப் பட்டினத்தில்தான், சாக்ரடீஸ் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கி.மு. 585-ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தோடு இணைத்துப் பேசப்படும் தேலீஸ், சகல வஸ்துக்களுக்கும் நீரே மூலம் என்றார். அவர் வழிவந்த அனாக்ஸிமாண்டர் குருவின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளாமல், எல்லையற்ற ஒன்றே ஆதி என்று மறுத்தார். அவருக்குப் பின்வந்த அனாக்ஸிமினீஸ், இருவரையும் விட்டுக் காற்றே என்றார். மூன்று விடைகளும் பிழையாகவே இருக்கட்டும்! இடிக்கு ஜீயஸ் தேவனின் சினத்தைக் காட்டாமல் மேகத்தைக் கிழிக்கும் காற்றைக் காரணம் காட்டிய துணிவும், ஆசிரியரை மறுக்கும் மாணாக்கனின் உரிமையும் அன்றோ நாம் இன்றளவும் அனுபவித்துவரும் பிதிரார்ஜிதம்? அதைத் தந்தது மிலேட்டஸ்.

அந்த மிலேட்டஸும் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. நிழலளக்கும் கோலையும், பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கும் முறையையும் கிரேக்கர் பாபிலோனியரிடம் கற்றனர் என்று ஹெரடோட்டஸே எழுதிவைத்திருக்கிறார். கற்றவனைக் கல்லாமல் வந்தவன் என்று புகழ்வது அவனுக்கே செய்யும் அவமதிப்பு.

ஏதென்ஸ் தத்துவத்தைப் போற்றிய விதந்தான் என்ன? சூரியன் பழுக்கக் காய்ந்த கல் என்று சொன்ன அனாக்ஸகோரஸை, அவரும் சின்ன ஆசியாக்காரர், வழக்குத் தொடுத்து வெளியேற்றியது, கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்கு நஞ்சளித்தது. ஸ்டாகிராவிலிருந்து வந்து அங்கே பள்ளி நடத்திய அரிஸ்டாட்டிலும் முடிவில் அந்நகரை விட்டு நீங்க நேர்ந்தது. அந்த அரிஸ்டாட்டிலை அரபியில் பெயர்த்துப் போற்றிய பாக்தாத் பண்டிதர்களுக்கோ நம் மேடைகளில் ஒரு வாக்கியமும் கிடைப்பதில்லை. பாடப்புத்தகங்களிலும் இதே கதிதான்.

கூட்டம் கலைந்தபின் அப்பெரியவரை அணுகி, மிலேட்டஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "அதெல்லாம் வெறும் பீடிகை, ஐயா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். பூமியைத் தாங்குவார் யாருமில்லை, அது அந்தரத்திலேயே நிற்கிறது என்று கிரேக்கருள் முதன்முதல் சொன்ன அனாக்ஸிமாண்டர் பிறந்த ஊர், பீடிகையாம்!