மூன்றில் ஒரு பங்கு முழக்கம்

'ஓவர்டைமுக்கு வரி இல்லை' என்று அமெரிக்காவில் முழங்கினார்கள். 2025-இல் சட்டமாகி வந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மணிக்கு 40 டாலர் வாங்கும் நர்ஸுக்கு ஓவர்டைமில் 60 டாலர் கிடைக்கிறது என்றால், கூடுதலாக வரும் 20 டாலருக்கு மட்டுமே வருமான வரிக் கழிவு. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமெல்லாம் வழக்கம்போல முழுத் தொகைக்கும். தனிநபருக்கு ஆண்டுக்கு 12,500 டாலர்தான் உச்சவரம்பு. அதுவும் 2028 வரைக்கும்தான்.

வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால், ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கழிவில் நூறு டாலர் குறையும். ஓய்வுக்காலச் சேமிப்பு கைகொடுப்பது இங்கேதான். 1,60,000 சம்பாதிப்பவர் 2025-ஆம் ஆண்டின் வரம்பான 23,500 டாலரை வழக்கமான 401(கே) கணக்கில் போட்டால், வரிக்கணக்கில் வருமானம் 1,36,500-க்கு இறங்கிவிடும். கழிவில் ஒரு டாலரும் குறையாது. வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் வகையில் போட்டால் இந்த லாபம் இல்லை. சம்பளத்தில் அவ்வளவு ஒதுக்கிவைக்க முடிகிறவருக்குத் தோதான ஏற்பாடு! ராத்திரி ஷிஃப்ட் பார்த்தும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராதவருக்கு இதில் கிடைப்பது பூஜ்யம்.

எரிச்சல் படிவத்தில்தான். முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-இல், 2025-க்கு ஓவர்டைமைத் தனியாகக் காட்டும் கட்டாயம் இல்லை. சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுத்து, ஒன்றரை மடங்குத் தொகையைக் கூட்டி, மூன்றால் வகுக்கும் வேலை தொழிலாளிக்கு. அந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது.