பிந்தி வருவோரும் சமூகவியலும்

இயற்பியல் கற்பிக்கும் எனக்குச் சமூகவியல் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாணவனாக இருந்தபோது நானும் அந்தப் பாடத்தை ஏளனமாகவே பார்த்தேன். சூத்திரம் இல்லை, சோதனைச்சாலை இல்லை. இது எப்படி விஞ்ஞானம் ஆகும் என்று விடுதி அறையில் நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்கு உணர்த்தியது இயற்பியலின் வரலாறுதான்.

ஓர் அறையில் உள்ள காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கோடானுகோடி மூலக்கூறுகளில் ஒவ்வொன்றும் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் அழுத்தத்தைத் திருத்தமாகக் கணக்கிடுகிறோம். தனித்தனியே பார்த்தால் குழப்பம். கூட்டமாகப் பார்த்தால் ஒழுங்கு. இந்த எண்ணம் இயற்பியலுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மனிதர்களை எண்ணியவர்களிடமிருந்து!

முகவரி சரியில்லாமல் பாரிஸ் அஞ்சலகத்தில் தேங்கிவிடும் கடிதங்களின் எண்ணிக்கை, சாதாரண காலங்களில் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை என்று கணித மேதை லாப்லாஸ் 1814இல் குறிப்பிட்டார். எந்தக் கடிதம் தேங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எத்தனை தேங்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பெல்ஜியம் நாட்டு வானியலறிஞர் கெத்லே, திருமணம், குற்றம் போன்றவற்றிலும் இத்தகைய ஒழுங்கைக் கண்டு 1835இல் ஒரு நூல் எழுதினார். அதைச் 'சமூக இயற்பியல்' என்றே அழைத்தார். அதே பெயரை முன்பே கையாண்டு வந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோம்த், அதைப் பிறர் எடுத்துக்கொண்டது பிடிக்காமல், 'சமூகவியல்' என்னும் புதுச் சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார்.

கெத்லேயின் கருத்துகளை விளக்கி ஜான் ஹெர்ஷல் 1850இல் எழுதிய கட்டுரை, இளைஞராயிருந்த மாக்ஸ்வெல்லின் சிந்தனையைத் தூண்டியது என்பது விஞ்ஞான வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. வாயு மூலக்கூறுகளின் வேகங்கள் எவ்வாறு பரவியிருக்கும் என்ற அவரது புகழ்பெற்ற ஆய்வு 1860இல் வெளிவந்தது. ஆகவே, சமூகத்தை ஆராய்ந்தோருக்கு நாம் கடன்பட்டவர்கள். கடன் கொடுத்தவரை ஏளனம் செய்வது அழகல்லவே!

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது என்று காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் எமீல் துர்கைம். 1897இல் அவர் வெளியிட்ட நூல் தற்கொலையைப் பற்றியது. இதைவிடத் தனிப்பட்ட செயல் வேறு உண்டா என்று தோன்றும். ஆனாலும் அதன் விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபட்டும், ஒரே நாட்டில் பல ஆண்டுகள் ஏறக்குறைய நிலையாகவும் இருப்பதை அவர் கண்டார். காரணத்தைத் தனி மனிதரின் மனத்தில் மட்டும் தேடாமல், மனிதரைப் பிணைக்கும் உறவுகளில் தேடினார். குடும்பம், சமயம், சமுதாயம் ஆகியவற்றோடு உள்ள பிணைப்பு மனிதரைக் காக்கிறது என்பது அவர் முடிவுகளில் ஒன்று. மனம் கலங்கியிருக்கும் தோழனைத் தனியே விடாதீர்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை உங்கள் பள்ளி வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். தினமும் பிந்தி வரும் மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். பெயர்கள் மாறிக்கொண்டிருந்தும் எண்ணிக்கை அதிகம் மாறவில்லை என்றால், ஒவ்வொருவரையும் "சோம்பேறி" என்று வைது பயனில்லை. பேருந்து வரும் நேரமா, வீட்டு வேலையா, குடிதண்ணீருக்கு நிற்கும் வரிசையா என்று தேட வேண்டும். துர்கைமின் வழி இதுதான்.

இங்கே ஒரு படுகுழியும் உண்டு. பேருந்தில் வரும் மாணவர் அதிகமுள்ள வகுப்புகளில் பிந்தி வருவோரும் அதிகம் என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். "பேருந்தில் வருபவர்களே பிந்துகிறார்கள்" என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. அதே வகுப்பில் நடந்து வருபவர்களே பிந்தியிருக்கலாம் அல்லவா?

1950இல் அமெரிக்கச் சமூகவியலறிஞர் ராபின்சன் இதை அழகாக நிறுவினார். 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அவர் ஆராய்ந்தார். வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவாக இருந்தனர். ஆனால் ஆட்களைத் தனித்தனியே பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோரிடையேதான் எழுத்தறியாமை அதிகம்! எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்ததே இந்த விந்தைக்குக் காரணம். துர்கைமின் சில முடிவுகளும் இதே ஐயத்துக்கு உள்ளாயின. ஒரு பகுதியின் சராசரியை வைத்து அங்குள்ள மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது பாடம் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபருடையது. மூலக்கூறு, தான் ஏன் ஓடுகிறது என்று நினைப்பதில்லை, மனிதர் நினைக்கிறார். தம் செயலுக்கு அவர் கொள்ளும் பொருளை அறியாமல் அந்தச் செயல் நமக்கு விளங்காது என்றார் வேபர். பிந்தி வந்த மாணவியிடம் "ஏன் பிந்தினாய்?" என்று அதட்டிக் கேட்டால் ஒரு பதில் வரும். உட்காரவைத்துப் பரிவோடு கேட்டால் வேறு பதில் வரும். தம்பியைப் பள்ளியில் விட்டு வருவதைத் தன் கடமையாக அவள் கருதுகிறாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது.

"இவர்கள் எல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள், இன்று கணிப்பொறியும் கைபேசியும் தகவலை மலையாகக் குவிக்கின்றன. பழைய கோட்பாடு எதற்கு?" என்று என்னிடம் ஒரு மாணவர் கேட்டார். என் பதில் இதுதான்: தகவல் பெருகப் பெருக, நல்ல கேள்வியின் தேவையும் பெருகுகிறது. எதை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது, யாரிடம் கேட்பது என்பதைக் கணிப்பொறி தானாக முடிவு செய்வதில்லை. இன்றைய ஆய்வாளர்கள் மாணவர், வகுப்பு, பள்ளி என்ற நிலைகளை ஒரே கணக்கில் சேர்த்து ஆராய்கிறார்கள். அந்த முறை புதிது. அதன் பின்னால் நிற்கும் கேள்விகள் துர்கைமும் வேபரும் எழுப்பியவை. முன்னோரின் விடைகளைத் திருத்துவோம். கேள்விகளைக் கைவிட வேண்டாம்.

இதில் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது. இயற்பியலில் தவறான முடிவு வந்தால் சோதனையைத் திரும்பச் செய்யலாம், மூலக்கூறுக்கு வருத்தமில்லை. மனிதரைப் பற்றிய தவறான முடிவு, "இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்", "இந்தக் கூட்டத்தாருக்குப் படிப்பு வராது" என்று ஒரு குழந்தையின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கிழித்தெறிய ஒரு தலைமுறை போதாது.

ஆகவே விஞ்ஞானம் பயிலும் மாணவர்களே, சமூகவியலை ஒதுக்காதீர்கள். நாளைக் காலை பள்ளி வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். பெயரை எழுத வேண்டாம்; எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு, உள்ளே வருபவரிடம் அன்போடு காரணத்தைக் கேளுங்கள்.