விலையை மட்டும் பார்த்து சுவிட்ச் வாங்கலாமா?

மாணவர்களே, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையை எண்ணிப் பாருங்கள். கல்லாக் கணினி, கண்காணிப்புக் கேமரா, வாடிக்கையாளருக்கான வைஃபை எல்லாம் சுவிட்ச் என்னும் ஒரு சிறு பெட்டியில்தான் இணைகின்றன. அதை வாங்கும்போது எத்தனை இணைப்புத் துளைகள், என்ன விலை என்று மட்டும் கேட்டால் போதாது என்பது என் கருத்து.

சாதாரண சுவிட்சில் எல்லாக் கருவிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கும். வைஃபையில் நுழைபவர் கல்லாக் கணினியையும் எட்ட வழியுண்டு. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சோ, ஒரே பெட்டியை 'வீலேன்' எனும் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகத் தாவ முடியாது. ஒவ்வொரு வலைக்கும் 12 பிட் எண் உண்டு. 2-இன் 12ஆம் அடுக்கு 4,096. முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4,094. நம் கடைக்கு மூன்றே போதும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரே கம்பியின் இரு முனைகளையும் தவறுதலாக அதே சுவிட்சில் செருகினால், தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பே முடங்கலாம். இத்தகைய சுழற்சியைத் தடுக்கும் முறையை 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கினார். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு.

எனவே, வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வலையைப் பிரிக்குமா? சுழற்சியைத் தடுக்குமா? பாதுகாப்பு மேம்பாடுகள் எத்தனை ஆண்டு கிடைக்கும்?

இரண்டே கணினி உள்ள கடைக்குச் சாதாரணப் பெட்டியே போதும். விலை கூடியதை வாங்கியும் அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாவிட்டால், பூட்டு வாங்கிச் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதைதான். 1972 முதல் பாயான் லெப்பாசில் சில்லு ஆலைகள் இயங்கும் தீவு நம்முடையது. செய்யத் தெரிந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கவும் தெரிய வேண்டாமா?