தாயின் வேலை மீது விழும் பழி

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஒரு குழந்தை மூன்று வயதாகியும் பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விளையாட்டுச் சாமான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தால், மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பே உறவினரும் அண்டை வீட்டாரும் அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: அம்மா வேலைக்குப் போகிறாள். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போகும் பெண், கரகம்பாடி பேட்டரி ஆலையின் கணக்குப் பிரிவில் இருப்பவர், அரசுப் பள்ளி ஆசிரியை, மருத்துவமனைச் செவிலி என்று மாதச் சம்பளம் வாங்கும் எந்தத் தாயும் இந்தத் தீர்ப்புக்குத் தப்புவதில்லை. தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. தாய் வீட்டில் இல்லாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்பது முதற்பகுதி; அவள் வேலையை விட்டுவிட்டால் பிள்ளை தேறிவிடும் என்பது இரண்டாம் பகுதி. முதலாவது பொய், இரண்டாவது பொய்யாக இருப்பதோடு குழந்தைக்குக் கேடும் செய்வது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் வேறுபாடு. பிறரோடு தொடர்புகொள்வதில் தடை, சில செயல்களையும் விருப்பங்களையும் மாறாமல் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்ளும் இயல்பு, ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன அதன் அடையாளங்கள். உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாக 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த லியோ கன்னர், 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் வெளியிட்ட கட்டுரையே இதைத் தனி நிலையாக வரையறுத்தது. அக்கட்டுரையில் இது பிறவியிலேயே அமைந்தது என்று கருதிய அவரே, 1949இல் பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைச் சுட்டிக்காட்டிக் குளிர்பதனப் பெட்டியை உவமையாக்கினார். அந்த உவமை "குளிர்பெட்டித் தாய்" என்ற வசையாக மாறி ஒரு தலைமுறைத் தாய்மாரைச் சுட்டது. உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூலில், தான் அடைபட்டிருந்த நாஜி வதைமுகாம்களின் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிடும் அளவுக்குச் சென்றார். முகாம் காவலரின் இடத்தில் தாய் நின்றாள்.

இந்தப் பழியை முதலில் உடைத்தவர் ஒரு தகப்பன். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட், தம் மகனுக்கு ஆட்டிசம் இருந்ததால் அதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றையும் படித்து, தாயைக் குற்றம் சாட்டுவதற்கு ஆதாரமே இல்லை என்று 1964இல் நூலாக எழுதினார். 1977இல் மனநல ஆய்வாளர்கள் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்த இணைகள் காணப்பட்டன. வெவ்வேறு கருவிலிருந்து வளர்ந்த இரட்டையரில் அப்படி ஓர் இணைகூட இல்லை. ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் வருவதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மரபணுக்களே காரணம் என்றும், மரபணு நீங்கலாகத் தாயின் உடற்சூழல் தனியே செலுத்தும் பாதிப்பு மிகமிகச் சிறிது என்றும் மதிப்பிட்டது. கருவில் சுமக்கும் உடலுக்கே அவ்வளவு சிறிய பங்குதான் என்றால், அவ்வுடல் காலை எட்டரை மணிப் பேருந்தில் ஏறுவதற்கு என்ன பங்கு இருக்க முடியும்?

நாட்டு வழக்கை வைத்துப் பார்த்தாலும் இந்த நம்பிக்கை நிற்காது. சித்தூர் மண்ணில் பெண்கள் வேலைக்குப் போகாத காலம் எது? வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்தவர்களும், கரும்பு வெட்டியவர்களும், விடியற்காலையில் மாடு கறந்து பால் ஊற்றியவர்களும் பெண்களே. மாம்பழப் பருவம் வந்தால் கூழ் ஆலைகளில் நின்றபடி பழம் நறுக்குகிறவர்களும் அவர்களே. கைக்குழந்தையை வேப்பமரத் தூளியில் விட்டுவிட்டு வெயிலில் குனிந்திருந்த பாட்டியை யாரும் பிள்ளையைக் கெடுத்தவள் என்று சொல்லவில்லை. வேலை சம்பளமாகவும், சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்காகவும் மாறிய பிறகுதான் அது பிள்ளையின் நோய்க்குக் காரணமாயிற்று. ஊர் குறை சொல்வது அவள் வீட்டில் இல்லாததை அன்று, அவள் கையில் காசு இருப்பதை என்று சந்தேகிக்க இடமுண்டு.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளிடமே ஆட்டிசம் அதிகம் காணப்படுகிறது என்று சொல்பவர்கள் கணக்கின் மயக்கத்தில் விழுகிறார்கள். கன்னரின் 11 தாய்மாரில் 9 பேர் பட்டதாரிகள்; படித்தவர்களே அந்த மருத்துவமனை வரை செல்ல முடிந்தது என்பதால் அப்படித் தோன்றியது. இங்கும் சம்பளக்காரத் தாயே பிள்ளையைத் திருப்பதி ருயா மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ அழைத்துச் சென்று நோயின் பெயரை எழுதி வாங்குகிறாள். கூலிக்காரத் தாயின் பிள்ளை "லேட்டா பேசும்" என்ற பெயரோடு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வளர்ந்துவிடுகிறது.

பழைய பழி இப்போது செல்பேசி உருவில் திரும்பியிருக்கிறது. ருமேனிய உளவியலாளர் மாரியஸ் சம்ஃபிர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த "வெர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற தொடர், திரையைப் பார்த்தே ஆட்டிசம் வருகிறது என்ற பொருளில், வேலைக்குப் போகும் தாய் பிள்ளை கையில் போனைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று சொல்லப் பயன்படுகிறது. நோய்களை வகைப்படுத்தும் எந்த அதிகாரபூர்வ நூலிலும் அப்படி ஒரு நிலை இல்லை. சிறு குழந்தையைத் திரைமுன் உட்கார வைப்பது பேச்சுக்கு நல்லதன்று என்பது உண்மை. மனிதரோடு விளையாட இயலாத குழந்தை திரையை நாடுவதும் உண்மை. எது முந்தியது என்று பாராமல் பழி சொல்வதுதான் பிழை. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் கேட்டதால் பிள்ளை குழம்பிவிட்டது, ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று நகரியிலும் குப்பத்திலும் தரப்படும் அறிவுரையும் இதே வகையைச் சேர்ந்தது. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

இனி இரண்டாம் பகுதி. தாய் முழுநேரமும் உடனிருந்தால் பிள்ளை தேறும் என்ற எண்ணத்துக்கு ஒரு மருத்துவச் சாயலும் உண்டு. உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பேசப்பட்டதிலிருந்து, மணிக்கணக்கே மருந்து என்ற நினைப்பு பரவியது. அந்த 40 மணி நேரத்தைத் தந்தவர்கள் பயிற்சி பெற்ற மாணவர்கள் என்பது பாதி வழியில் மறந்துபோயிற்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்கு 15 நாளுக்கு ஒரு முறையாக 12 அமர்வுகள் நடத்தினர்; பெற்றோர் அன்றாடம் சிறிது நேரம் ஒதுக்கி, குழந்தையின் கவனம் போகும் பக்கம் தாமும் போய் விளையாடினர். குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்ள முற்படுவது கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் தெரிந்தது என்று சொல்ல முடியாதெனினும், நாள் முழுதும் உடனிருக்காமல், சிறிது நேரத்தைச் சரியாகச் செலவிட்டாலும் பயன் உண்டு என்பது தெளிவு. அந்த நேரத்தை வேலை முடிந்து வரும் தாயும் தரலாம், தகப்பனும் தரலாம்.

வேலையை விட்டால் குழந்தை இழப்பது என்ன என்பதை அறிவுரை சொல்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேச்சுப் பயிற்சிக்கும், உண்ணவும் உடுத்தவும் புலன்களின் மிகையுணர்வைச் சமாளிக்கவும் கற்றுத்தரும் ஓ.டி. எனப்படும் செயல்முறைச் சிகிச்சைக்கும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு உரிய இ.எஸ்.ஐ. காப்பீடு, அவர் வருவாயையே சார்ந்திருக்கும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி மருத்துவம் அளிக்கிறது. வேலையோடு அதுவும் போய்விடும். பழைய ஓய்வூதியத் திட்டத்திலுள்ள மத்திய அரசு ஊழியர் இறந்தால், சம்பாதிக்க இயலாத அவருடைய பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ராஜினாமா செய்தவரின் பிள்ளைக்கு அது இல்லை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு இந்நாட்டில் கிடைக்கக்கூடிய சில விடைகளுள் ஒன்றைத் தாயே தன் கையால் கிழித்தெறிய வேண்டும் என்று சொல்வது எந்த வகை அன்பு? ஊனத்தின் அளவைக் குறிக்கும் சதரம் சான்றிதழ் பெற்றவர்களுள் தகுதியுள்ளோருக்கு ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாதம் 6,000 ரூபாய் தருகிறது. அது துணையாகுமே தவிர ஒரு சம்பளத்துக்கு ஈடாகாது.

வேலையை விட்ட தாய்மாரும் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோரை வெளியேற்றியது தாய்மை உணர்ச்சி என்பதைவிட, அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று கேட்கும் பள்ளியும், அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் சிகிச்சை மையமும், விடுப்புத் தராத மேலாளரும்தான். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வொன்று, ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மார் உடல்நலக் குறையற்ற குழந்தைகளின் தாய்மாரைவிட 56 விழுக்காடு குறைவாகச் சம்பாதிப்பதாகக் கண்டது. தகப்பன்மாரின் வருவாயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பிள்ளையைப் பார்ப்பது தாயின் வேலை மட்டுமே என்ற நம்பிக்கைக்குச் சட்டமும் உடந்தை. மத்திய அரசு ஊழியருக்குரிய 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆந்திர அரசு 2022இல் 180 நாளாக உயர்த்திய விடுப்பும் பெண்களுக்கும் மனைவி இல்லாத ஆண்களுக்கும் மட்டுமே உரியவை. மனைவி உள்ள தகப்பனுக்கு அந்தப் பொறுப்பே இல்லை என்று அரசாணையே சொல்லிவிடுகிறது. இமாசலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியை ஷாலினி தர்மானி, பிறவி எலும்புநோய் கொண்ட மகனைப் பார்த்துக்கொள்ள விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகையன்று, அரசமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியது. அத்தீர்ப்பும் தாயின் விடுப்பைப் பற்றியதே. காளஹஸ்தியில் ராகு கேது பரிகாரத்துக்கு மனைவியோடு சேர்ந்து உட்காரும் கணவன்மாரில் பலர், பிள்ளையின் பயிற்சி வகுப்புக்கு வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆந்திர அரசு தன் விடுப்பு ஆணையைத் திருத்தி, ஊனமுற்ற பிள்ளையின் தகப்பனுக்கும், மனைவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே 180 நாளைத் தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் நடத்த வேண்டியுள்ள குழந்தைகள் காப்பகங்கள் ஆட்டிசக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கின்றனவா என்று தொழிலாளர் துறை சோதிக்க வேண்டும். சிகிச்சை மையங்கள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். அதுவரை, வேலையை எப்போது விடப்போகிறாய் என்று அந்தத் தாயைக் கேட்கும் உறவினர்கள், வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளையைத் தாங்கள் பார்த்துக்கொள்ள முன்வரட்டும்.