இணையதள வடிவமைப்புப் பாடம்: காகிதத்திலேயே தொடங்கலாம்

புதுதில்லி: நடுநிலை வகுப்புகளில் (6-8) கணினி நிரலாக்கப் பயிற்சியை அறிமுகப்படுத்த தேசியக் கல்விக் கொள்கை 2020 வலியுறுத்துகிறது. எனினும், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 ‘யூடைஸ் பிளஸ்’ அறிக்கையின்படி, நாட்டில் 64.7 சதவீதப் பள்ளிகளில் மட்டுமே கணினி வசதி உள்ளது. இணைய வசதி 63.5 சதவீதப் பள்ளிகளில் உள்ளது.

கணினி வரும்வரை எஞ்சிய பள்ளிகள் காத்திருக்கத் தேவையில்லை. இணையதள உருவாக்கத்தில் நிரல் எழுதுவது பிற்பகுதிப் பணியே. தளம் யாருக்கானது, அவர்கள் எதைத் தேடி வருவர், எந்த மொழியில் எத்தனை பக்கங்கள் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே முதற்பணி. ஊரின் பேருந்து நேரங்களைத் தளமாக்க விரும்பும் மாணவர்கள், பக்கங்களைத் தாளில் வரைந்து, பயணிகளிடம் காட்டித் திருத்தலாம்.

ஆனால், காகிதம் கணினிக்கு மாற்றாகாது. வரைந்த பக்கம் திரையில் உயிர்பெறாவிடில் பாடம் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே, ஆய்வகங்களை அமைக்கும் பணியும் விரைவுபடுத்தப்பட வேண்டும்.