விடியற்காலைப் புகை எங்கே போகும்?

நிலக்கோட்டையிலிருந்து மேற்கே போய்க் கொடைக்கானல் மலை ஏறினால் குளிர்கிறது. சூரியனுக்குக் கிட்டே போனால் சூடு கூடத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. முதலில் தரையைச் சுடுகிறது; தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி எழும்பி, விரிந்து, குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் 6.5 டிகிரி குறையும். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது!

பகலில் இந்த ஏற்பாடு ஊருக்கு நல்லது. அடுப்புப் புகை, லாரிப் புகை எல்லாவற்றையும் மேலே இழுத்துக் கலைத்துவிடும். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத பனிக்கால இரவில் எல்லாம் தலைகீழ். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடும். அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வெயில் ஏறும்வரை அந்த மூடி திறக்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் குப்பைக்கும் சருகுக்கும் தீ வைக்கிறார்கள்! 2018 ஜனவரி 13, போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமான நிலையத்தையே மறைத்தன. பல விமானங்கள் ரத்தாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

நிலக்கோட்டையில் விமானம் இல்லை. பூப்பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மல்லிகை மொட்டாகவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள். மூடி இறுகியிருக்கும் நேரத்தில் அந்தக் காற்றை இழுப்பவர்கள் அவர்கள்தான்.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால், எரிப்பவருக்குச் செலவு ஒரு தீக்குச்சி. மீதிச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. அடுத்தவர் நுரையீரலில் ஏறும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு வந்து வசூலிப்பது யார்?

சரி, மதியம் எரிக்கலாமா? அதுவும் தீர்வு இல்லை. புகை கலையும், ஆனால் காணாமல் போகாது. பிளாஸ்டிக் எரிந்த நஞ்சு எந்த நேரத்திலும் நஞ்சுதான். தினமும் குப்பை வண்டி வந்தால் தெருவில் எரிக்க ஒன்றும் மிஞ்சாது. சருகை மக்கவிட்டால் அதே பூந்தோட்டத்துக்கு உரம்.

அபராதத்தைவிட இது மலிவு. தீக்குச்சியை உரசுமுன் யோசிக்கலாமே!